நடுவில் விசை இல்லை, உச்சம் அங்கேதான்

வீட்டில் ஆறாம் படிவத்திலோ தொடக்கக் கல்லூரியிலோ இயற்பியல் படிக்கும் பிள்ளை இருந்தால், இன்றிரவு சாப்பாட்டு மேசையில் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: ஒரு பிளாஸ்டிக் உருண்டை இருக்கிறது. அதன் உடல் முழுவதும் நேர் மின்னூட்டம் சீராகப் பரவியிருக்கிறது. உருண்டையின் நட்டநடுவில் மின்புலம் எவ்வளவு?

"சுழியம்" என்று பதில் வரும். சரியான பதில்.

இரண்டாவது கேள்வி: அதே நடுவில் மின்னழுத்தம் எவ்வளவு?

இதற்கும் பலர் யோசிக்காமல் "சுழியம்" என்பார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே சறுக்கும் இடம் இது. உண்மையில் அந்த உருண்டையில் மின்னழுத்தம் மிக அதிகமாக இருப்பது நடுவில்தான்.

போனால் ஒரு மதிப்பெண்தானே என்று இதை விட்டுவிட முடியாது. அணுவைப் பற்றி உலகம் நம்பியிருந்த ஒரு படத்தைக் கிழித்துப் போட்டதும் இந்த உருண்டைக் கணக்குதான். மூன்று மாபெரும் எண்ணெய்க் கப்பல்கள் ஏன் வெடித்தன என்பதைப் புரியவைத்ததும் இதே கணக்குதான். வாருங்கள், உருண்டைக்குள் இறங்கிப் பார்ப்போம்.

வைத்த இடத்தில் நிற்கும் மின்னூட்டம்

முதலில் ஏன் பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுகிறேன். இரும்பு உருண்டையாக இருந்தால் கதை வேறு. உலோகத்தில் மின்னூட்டம் ஓரிடத்தில் நிற்காது. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும். தள்ளிக்கொண்டே போய் எல்லாம் மேற்பரப்பில் ஒதுங்கிவிடும். உள்ளே எந்த இடத்திலும் மின்புலம் இருக்காது.

பிளாஸ்டிக், கண்ணாடி, எண்ணெய், மெழுகு போன்றவை மின்காப்புப் பொருள்கள். இவற்றுக்குள் சிக்கிய மின்னூட்டம் எளிதில் நகராது. வைத்த இடத்திலேயே கிடக்கும். அதனால் உருண்டையின் உடல் முழுக்க மின்னூட்டம் பரவியிருப்பது இங்கே சாத்தியம். உள்ளே மின்புலம் எப்படி மாறுகிறது என்ற கேள்விக்குப் பொருள் கிடைப்பதும் அதனால்தான்.

எண்ணிப் பார்த்தாலே போதும்

உருண்டைக்குள் கோடிக்கணக்கான மின்னூட்டங்கள். ஒவ்வொன்றின் விசையையும் தனித்தனியாகக் கூட்டுவது என்றால் வாழ்நாள் போதாது. இங்கேதான் ஜெர்மானியக் கணித மேதை கார்ல் பிரீட்ரிக் காஸ் பெயரால் அழைக்கப்படும் விதி கைகொடுக்கிறது.

ஒவ்வொரு மின்னூட்டத்திலிருந்தும் கதிர்கள் வெளியே பாய்வதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உருண்டையைச் சுற்றி ஒரு பலூனை வரையுங்கள். பலூனின் தோலைத் துளைத்து வெளியேறும் கதிர்களின் நிகர எண்ணிக்கை, பலூனுக்குள் இருக்கும் மின்னூட்டத்தை மட்டுமே பொறுத்தது. வெளியே இருக்கும் மின்னூட்டத்தின் கதிர் ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வெளியேறிவிடும், கணக்கில் சேராது. இதுதான் காஸ் விதியின் சாரம்.

உருண்டைக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் கதிர்கள் பலூன் முழுக்கச் சமமாகப் பரவும். ஆகவே, உள்ளே இருக்கும் மின்னூட்டத்தைப் பலூனின் பரப்பளவால் வகுத்தால் மின்புலத்தின் வலிமை தெரிந்துவிடும்.

உருண்டைக்கு வெளியே போகும்போது பலூனுக்குள் இருக்கும் மின்னூட்டம் மாறாது. பலூனின் பரப்பு மட்டும் தூரத்தின் இருமடியாக வளரும். எனவே மேற்பரப்பில் மின்புலம் 100 என்று வைத்துக்கொண்டால், நடுவிலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் அது 25. மூன்று மடங்கு தூரத்தில் சுமார் 11. எல்லா மின்னூட்டமும் நடுப்புள்ளியில் குவிந்திருந்தாலும் வெளியே இதே விடைதான் கிடைக்கும். வெளியே நிற்பவரால் உள்ளே மின்னூட்டம் பரந்து கிடக்கிறதா, ஒரே புள்ளியில் குவிந்திருக்கிறதா என்று சொல்லவே முடியாது. இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது உருண்டைக்குள் இறங்குவோம். வெங்காயத்தைப் போல அடுக்கடுக்காக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பாதி ஆழத்தில் நிற்கிறீர்கள். உங்களுக்கு மேலே உள்ள அடுக்குகள் உங்களைத் தள்ளாதா? தள்ளும், ஆனால் எல்லாப் பக்கத்திலிருந்தும். அருகில் இருக்கும் பகுதி சிறியது, ஆனால் கிட்டத்தில் இருக்கிறது. எதிர்ப்பக்கம் பெரியது, ஆனால் தூரத்தில் இருக்கிறது. இரண்டும் மிகச்சரியாக ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. புவியீர்ப்புக்கு இதே உண்மையை நியூட்டன் 1687இல் வெளிவந்த தம் நூலிலேயே நிறுவிவிட்டார்.

ஆகவே உங்களுக்குக் கீழே இருக்கும் மின்னூட்டம் மட்டுமே கணக்கு. பாதி ஆழத்தில் அது எட்டில் ஒரு பங்கு. பலூனின் பரப்பு நான்கில் ஒரு பங்கு. வகுத்தால் பாதி. மேற்பரப்பில் 100 என்றால் பாதி ஆழத்தில் 50. நடுவில் கீழே எதுவுமே இல்லை, எனவே சுழியம். உள்ளே நடுவிலிருந்து நேர்க்கோடாக ஏறி, மேற்பரப்பில் உச்சத்தைத் தொட்டு, வெளியே வளைவாக இறங்குகிறது மின்புலம்.

பிளாஸ்டிக்கின் பங்கு ஒன்று உண்டு. அதன் மூலக்கூறுகள் மின்புலத்தில் லேசாக இழுபட்டு, தம் பங்குக்கு எதிர்ப்புலம் ஒன்றை உண்டாக்கும். பாலிஎத்திலீன் என்றால் உள்ளே இருக்கும் மின்புலத்தைச் சுமார் 2.3ஆல் வகுக்க வேண்டும். மேற்பரப்புக்குச் சற்று உள்ளே 43தான். சற்று வெளியே, காற்றில், அதே 100. மூலக்கூறுகள் மின்னூட்டத்தைச் சிறிது இடம் மாற்றுகின்றனவே தவிர, கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. அதனால் வெளியே கணக்கு மாறுவதில்லை. பொறி கிளம்புவதாக இருந்தால் அது காற்றில் கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலையுச்சியில் சரிவு இல்லை

அப்படியானால் மின்னழுத்தம்? சிங்கப்பூரில் புக்கிட் தீமா குன்றின் உச்சிக்கு நடந்து போனவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஏறும் வழியில் மூச்சு வாங்கவைப்பது சரிவு. உச்சியை அடைந்ததும் தரை சமமாகிவிடுகிறது. அங்கே பந்தை வைத்தால் உருளாது. சரிவு இல்லை என்பதற்காக உயரமும் இல்லை என்று யாராவது சொல்வார்களா? சுமார் 164 மீட்டர் உயரத்தில் அல்லவா நிற்கிறோம்!

மின்புலம் என்பது சரிவு. மின்னழுத்தம் என்பது உயரம். மின்னூட்டம் பெற்ற உருண்டை ஒரு குன்று. தூரத்திலிருந்து வரும்போது மெல்ல உயர்ந்து, உருண்டையின் விளிம்பில் மிகச் செங்குத்தாகி, உள்ளே போகப் போகச் சரிவு குறைந்து, நடுவில் சமதளமாக முடிகிறது. மேற்பரப்பில் உயரம் 100 என்று கொள்வோம். உள்ளே சரிவு 100இலிருந்து சுழியம்வரை சீராகக் குறைவதால் சராசரி 50. ஆக நடுவில் உயரம் 150. மூலக்கூறுகளின் எதிர்ப்புலத்தையும் சேர்த்தால் பாலிஎத்திலீன் உருண்டையில் சுமார் 122. எப்படிப் பார்த்தாலும் உச்சம் நடுவில்தான்.

ஏறிக் கடந்துவிட வேண்டிய குன்று

இந்தக் குன்றை வைத்து அணுவின் உள்ளே எட்டிப் பார்த்தவர் எர்னஸ்ட் ரூதர்போர்ட்.

1904இல் ஜே.ஜே. தாம்சன் அணுவுக்கு ஒரு படம் கொடுத்திருந்தார். அணு முழுவதும் நேர் மின்னூட்டம் சீராகப் பரவிய ஓர் உருண்டை. கேசரியில் திராட்சை பதிந்திருப்பதுபோல அதற்குள் எலக்ட்ரான்கள். நாம் இதுவரை பார்த்த அதே உருண்டைதான், ஆனால் அதன் ஆரம் சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.

1909இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரூதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் ஹான்ஸ் கைகரும், இருபதே வயதான எர்னஸ்ட் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகள்மீது ஆல்பா துகள்களை ஏவினார்கள். ஏறத்தாழ எட்டாயிரத்தில் ஒன்று, வந்த பக்கமே திரும்பியது.

இது ஏன் அதிர்ச்சி தந்தது என்பதை நாமே கணக்குப் போடலாம். தங்க அணுவின் நேர் மின்னூட்டம் 79 அலகு. அதைத் தாம்சன் சொன்ன அளவு உருண்டையில் பரப்பினால், நடுவில் குன்றின் உயரம் சுமார் 1,700 வோல்ட். ஆல்பா துகளுக்கு இரண்டு அலகு மின்னூட்டம் என்பதால் அது ஏறிக் கடக்க வேண்டியது 3,400 எலக்ட்ரான் வோல்ட். ஆனால் அந்தத் துகள்கள் கொண்டுவந்த ஆற்றலோ 50 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் அதிகம். சாலையில் உள்ள வேகத்தடை, முழு வேகத்தில் வரும் லாரியைத் திருப்பி அனுப்புமா? எலக்ட்ரான்களைக் காரணம் சொல்லவும் வழியில்லை. ஆல்பா துகள் எலக்ட்ரானைவிட 7,000 மடங்குக்கும் மேல் கனமானது.

அப்படியானால் குன்று மிக உயரமாக இருக்க வேண்டும். மின்னூட்டத்தின் அளவைக் கூட்ட முடியாது. அது தெரிந்த கணக்கு. உருண்டையைத்தான் சுருக்க வேண்டும். அதே மின்னூட்டத்தைச் சிறிய உருண்டைக்குள் அடைத்தால் குன்றின் உயரம் அதே விகிதத்தில் ஏறும். ஆல்பா துகள் திரும்ப வேண்டுமென்றால் அந்த உருண்டை ஆயிரம் மடங்குக்கும் மேல் சுருங்கியிருக்க வேண்டும். 1911இல் ரூதர்போர்ட் இதை வெளியிட்டார். அணுக்கரு என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். அது அணுவைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் சிறியது என்று பின்னர் தெரிந்தது.

நினைவில் வைக்கச் சொன்னேனே, அதை இங்கே சேர்த்துப் பாருங்கள். பரந்த உருண்டையும் சுருங்கிய உருண்டையும் வெளியே நிற்பவருக்கு ஒன்றுதான். வேறுபாடு உள்ளே போனால்தான் தெரியும். எட்டாயிரத்தில் ஒன்றாகத் திரும்பி வந்த அந்தத் துகள்கள், உள்ளே போய்ப் பார்த்து வந்தவை.

காலித் தொட்டியில் ஒரு குன்று

ரூதர்போர்டின் குன்று செங்குத்தானது. அடுத்தது மிகச் சாதுவான சரிவு கொண்ட குன்று. ஆபத்தும் அந்தச் சாதுத் தோற்றத்தில்தான் இருந்தது.

1967இல் சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. வளைகுடா எண்ணெய் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போக வேண்டியிருந்தது. தூரம் கூடியதால் பெரிய கப்பல்களுக்குக் கிராக்கி ஏறியது. இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் சுமக்கும் கப்பல்கள் கடலில் இறங்கின.

1969 டிசம்பரில், மூன்று வாரத்துக்குள், அப்படிப்பட்ட மூன்று கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய கடல்களில் வெடித்தன. மார்பெசா மூழ்கியே போனது. மாக்ட்ரா, ஏழாம் கோங் ஹோக்கன் இரண்டும் பெரும் சேதத்தோடு தப்பின. மாலுமிகள் உயிரிழந்தார்கள். மூன்றுமே சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவை. வெடித்த வேளையில் மூன்றிலும் நடந்துகொண்டிருந்தது ஒரே வேலை: காலியான எண்ணெய்த் தொட்டிகளைப் பீய்ச்சி அடிக்கும் கடல்நீரால் கழுவுவது.

காலித் தொட்டியில் எண்ணெய் ஆவியும் காற்றும் கலந்திருக்கும்; எரிய அது போதும். தீப்பொறி எங்கிருந்து வந்தது?

நீர் வேகமாக மோதிச் சிதறும்போது துளிகள் மின்னூட்டம் பெறுகின்றன. அருவிகளின் அருகே காற்றில் மின்னூட்டம் இருப்பதை 1892இலேயே பிலிப் லெனார்ட் ஆராய்ந்து எழுதியிருந்தார். தொட்டியைக் கழுவும்போது அதே போன்ற நுண்துளிப் பனி தொட்டி முழுவதும் நிரம்பும். ஒவ்வொரு துளியும் தன் மின்னூட்டத்தோடு காற்றில் தனியாக மிதக்கிறது. அடுத்த துளிக்குக் கொடுக்க வழியில்லை. ஆக, உடல் முழுவதும் மின்னூட்டம் பரவிய ஒரு மின்காப்பு உருண்டை அங்கே உருவாகிவிட்டது. தொட்டி உண்மையில் பெட்டி வடிவம்தான். ஆனால் கணக்கின் போக்கைப் புரிந்துகொள்ள உருண்டை போதும்.

ஒரு மாதிரிக் கணக்கு. பனியின் ஆரம் 10 மீட்டர். ஒவ்வொரு கன மீட்டரிலும் ஒரு கூலோமில் ஐந்து கோடியில் ஒரு பங்கு மின்னூட்டம் என்று வைப்போம். விளிம்பில் மின்புலம் மீட்டருக்குச் சுமார் 7,500 வோல்ட். காற்று உடைந்து பொறி பறக்க மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட் வேண்டும். நமது விடை அதில் நானூறில் ஒரு பங்குதான். சரிவை மட்டும் பார்ப்பவர் "பயமில்லை" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

உயரத்தைப் பாருங்கள். இரும்புச் சுவர் கடலோடு தொடர்பில் இருப்பதால் அதன் உயரம் சுழியம். அங்கிருந்து நடுவரை ஏறினால் சுமார் 38,000 வோல்ட்!

இந்தக் குன்றின் நடுவே பீய்ச்சியிலிருந்து பிரிந்த கடல்நீர்க் கட்டி ஒன்று விழுகிறது. கடல்நீர் நல்ல மின்கடத்தி. உயரத்தில் இருந்த அது, கீழே ஓர் இரும்பு விட்டத்தை நெருங்கும்போது, பத்து மீட்டர் தூரத்தில் மெல்லச் சரிந்திருந்த மின்னழுத்த வேறுபாட்டின் பெரும்பகுதி சில சென்டிமீட்டர் இடைவெளிக்குள் வந்து நெருக்குகிறது. மென்சரிவு செங்குத்துப் பாறையாகிவிடுகிறது. அங்கே பொறி பறக்கலாம். நேரில் பார்த்த சாட்சி கிடையாது. ஆனால் பின்னர் நடந்த ஆய்வுகளில் மிகவும் பொருத்தமானதாக ஏற்கப்பட்ட விளக்கம் இதுதான்.

சிறிய கப்பல்களிலும் தொட்டிகளை இப்படித்தான் கழுவினார்கள். பெரிய கப்பலில் என்ன மாறியது? ஒரே அடர்த்தியுள்ள மின்னூட்டத்தில், ஆரம் இரண்டு மடங்கானால் விளிம்பின் மின்புலம் இரண்டு மடங்காகும். நடுவின் மின்னழுத்தமோ நான்கு மடங்காகும். அதே நீர், அதே பனி என்றாலும், தொட்டி பெரிதானால் குன்று இன்னும் வேகமாக உயர்ந்துவிடும்.

மின்னூட்டத்தை முற்றிலும் ஒழிக்க முடியாது என்பதால் வேறு வழி தேடினார்கள். கொதிகலன் புகையைக் கழுவிக் குளிரவைத்துத் தொட்டிக்குள் செலுத்தினால், காற்றில் 21 விழுக்காடாக இருக்கும் ஆக்சிஜன் 8 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும். பொறி வந்தாலும் தீ பிடிக்காது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 1974ஆம் ஆண்டின் அனைத்துலக ஒப்பந்தம் பெரிய புதிய எண்ணெய்க் கப்பல்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. 1978இல் சிறியவற்றுக்கும் விரிவாக்கினார்கள். மலாக்கா நீரிணையில் இன்று வரிசைகட்டிப் போகும் எண்ணெய்க் கப்பல்கள் அந்த ஏற்பாட்டோடுதான் போகின்றன.

வேலை செய்யும் இடத்தில்

ஜூரோங் தீவிலோ பெங்கெராங்கிலோ வேலை செய்யும் இளம் பொறியாளர்களுக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. எண்ணெயோ, பிளாஸ்டிக் மணிகளோ, மாவுப்பொடியோ குழாயில் ஓடி ஒரு தொட்டியில் நிறையும்போது மின்னூட்டமும் கூடவே வந்து சேர்கிறது. தொட்டிச் சுவருக்கு எர்த் கம்பி கட்டியிருப்பதால் உள்ளே நடுவில் உள்ள மின்னூட்டம் உடனே போய்விடாது. மின்காப்புப் பொருளில் அது வைத்த இடத்தில் நிற்கும். கசிய நேரம் வேண்டும். எண்ணெய் ஏற்றி முடித்தபின் உலோக அளவுகோலையோ மாதிரிக் குவளையையோ தொட்டிக்குள் இறக்க அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்வது அதனால்தான். எர்த் கம்பி வீண் என்று பொருளல்ல. எந்த உலோகத் துண்டும் தனித்து நின்று, அந்தக் கடல்நீர்க் கட்டி செய்த வேலையைச் செய்யாமல் தடுப்பது அதுதான்.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சிறு வேலை. ஒரே தாளில் இரண்டு கோடுகள் வரையுங்கள். ஒன்று மின்புலம்: நடுவில் சுழியம், விளிம்பில் 100, இரண்டு மடங்கு தூரத்தில் 25. இன்னொன்று மின்னழுத்தம்: நடுவில் 150, விளிம்பில் 100, இரண்டு மடங்கு தூரத்தில் 50. அந்தத் தாளைப் பாடப்புத்தகத்தில் செருகி வையுங்கள்.

இந்த வாரக் கேள்வி: அதே உருண்டையின் நட்டநடுவில், வெங்காயத்தின் உள்ளடுக்குகளை எடுத்துவிட்டதுபோல, உருண்டையாக ஒரு குழி தோண்டுகிறோம். குழிக்குள் மின்புலம் எவ்வளவு? குழியை நடுவிலிருந்து சற்று ஒரு பக்கமாகத் தோண்டினால் விடை மாறுமா? குழி என்பதை, நேர் மின்னூட்ட உருண்டைக்குள் வைத்த அதே அடர்த்தியுள்ள எதிர் மின்னூட்ட உருண்டை என்று நினைத்துப் பாருங்கள். விடையை அடுத்த வாரம் சேர்ந்தே பார்ப்போம்.